மாதேஸ்வரிக்கு நான் அடித்த காற்று

சைக்கிள் கடை வேலைக்குப் புதிதாக வந்திருக்கும் உங்களுக்கு முதலிலேயே ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். என் கட்டைவிரலை நம்பாதீர்கள். தருமபுரி பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்துக் கடையில் முப்பத்தாறு வருஷம் டயரை அழுத்திப் பார்த்த விரல் அது. "அண்ணன் விரல் வெச்சா மீட்டரே வேணாமுங்க" என்று வாடிக்கையாளர்கள் சொல்வார்கள். கேட்டுக் கேட்டு நானும் அதை மண்டையில் ஏற்றிக்கொண்டேன். நான் ஓய்வு பெற்ற வருஷம் அந்த விரல் ஒரு பெண்ணின் பிழைப்பையே கெடுக்கப் பார்த்தது. அந்தக் கதையைத்தான் சொல்லப்போகிறேன்.

செயின் மாற்றுவது, வீல் கோணல் எடுப்பது எல்லாம் நாலு மாதத்தில் தானாகக் கைக்கு வந்துவிடும். அதற்கு நான் வேண்டாம், உங்கள் போனிலேயே வீடியோ இருக்கிறது. எதிரே ஆள் நிற்கிறார், நேரம் இல்லை, நமக்குத் தெரிந்ததாக நினைத்தது தப்பு என்று அப்போதுதான் உறைக்கிறது. அந்த இடத்தில் என்ன செய்வது என்பதற்கு வீடியோ கிடையாது.

அந்த விரலுக்கு எப்படி அத்தனை திமிர் வந்தது என்பதைச் சொல்லவேண்டும். நான் வேலை கற்ற கடைக்கு வந்ததெல்லாம் பாரம் ஏற்றும் சைக்கிள்கள். பால் கேன், மாங்காய்க் கூடை, புளி மூட்டை. ஒருநாள் காலையில் ஒரு பால்காரருக்கு அவசரத்தில் அரைகுறையாகக் காற்றடித்து அனுப்பிவிட்டேன். ரயில்வே கேட்டைத் தாண்டுவதற்குள் பின்டயர் நசுங்கி, வண்டி சாய்ந்து, இரண்டு கேன் பாலும் ரோட்டில் ஓடிவிட்டது. கடைக்காரர் என்னை அடிக்கவில்லை, திட்டவும் இல்லை. தோளைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு போய் அந்தப் பால்காரர் முன்னால் நிறுத்தி, "இவன்தான் காத்தடிச்சவன்" என்று மட்டும் சொன்னார். அந்த மனிதர் என்னைப் பார்த்த பார்வையில் நான் தலையைக் குனிந்துகொண்டேன். அன்றிலிருந்து என் கைக்கு வந்த எந்த டயரும் கல்லு மாதிரி நிற்காமல் கடையை விட்டுப் போனதில்லை. நல்ல பாடம்தான். ஆனால் அது பாரச் சைக்கிளுக்கான பாடம் என்று யாரும் சொல்லவில்லை, எனக்கும் தோன்றவில்லை.

இனி விஷயத்துக்கு வருகிறேன்.

கம்பைநல்லூர்ப் பக்கம் ஒரு கல் பட்டறை. கிரானைட்டைச் சின்னச் சின்னச் சதுரக் கட்டிகளாக வெட்டிக் கப்பலில் அனுப்புவார்கள். வெளிநாட்டில் அதைத் தரையில் பதித்துத் தெருப் போடுவார்களாம். கப்பல் ஏறாமல் தள்ளுபடியான கல் மலையாகக் குவிந்து கிடக்கவே, பட்டறை முதலாளி அதை வைத்தே பட்டறைக்குப் போகும் வழியில் ஒன்றரை கிலோமீட்டருக்குக் கல் ரோடு போட்டுவிட்டார். பார்க்க அழகாகத்தான் இருக்கும். பைக்கில் போனால் பல் ஆடும்.

பெங்களூரிலிருந்து ஆட்களைச் சைக்கிளில் நம் பக்கம் சுற்றிக்காட்டக் கூட்டி வருகிற பிரகாஷ் என்பவர் அந்த ரோட்டைப் பார்த்துவிட்டுக் குதித்தார். ஐரோப்பாவில் இந்த மாதிரிக் கல் மேல் சைக்கிள் ஓட்டுவதற்கென்றே பெரிய பந்தயங்கள் நடக்கின்றனவாம். நாமும் ஒன்று நடத்துவோம் என்று கிளம்பிவிட்டார். பன்னிரண்டு கிலோமீட்டர் சுற்று, அதில் அந்தக் கல் ரோடும் வரும். ஐந்து சுற்று போகவேண்டும். மொத்தம் அறுபது கிலோமீட்டர், மூன்றரை மணி நேரத்துக்குள். வழியில் வண்டிக்கு எது வந்தாலும் ஓட்டுகிறவரே சரிசெய்துகொள்ளவேண்டும். வேறு யாராவது கை வைத்தால் ஆள் வெளியே.

பந்தயத்துக்கு ஒரு மாதம் முன்னால் பிரகாஷ் ஒரு பெண்ணைக் கடைக்குக் கூட்டி வந்தார். முப்பத்தைந்து வயசுக்குள்தான் இருக்கும். பெயர் மாதேஸ்வரி.

"அண்ணா, வத்தல்மலை ஏத்தத்துல நாங்க பதினஞ்சு பேரு கியர் வண்டியில போயிட்டிருந்தோம். இவங்க லேடீஸ் சைக்கிள்ல எங்களத் தாண்டிப் போயிட்டாங்க. கேரியர்ல அரிசி மூட்டை வேற" என்றார் பிரகாஷ்.

"பத்து கிலோதானுங்க. அம்மா வூடு மேல இருக்குது" என்றாள் மாதேஸ்வரி. "ரெண்டு வளைவுல எறங்கித் தள்ளிக்கிட்டும் போனேனுங்க. அத இவரு சொல்ல மாட்டேங்குறாரு."

பிரகாஷுக்கு வழிகாட்டியாகப் போக ஓர் ஆள் தேவை. மாசச் சம்பளம், வாரத்தில் நாலு நாள் வேலை. மலைப்பாதை எல்லாம் தெரிந்த ஆள், அதுவும் பெண் என்றால் குடும்பமாக வருகிறவர்களுக்கு நல்லது என்று அவருக்கு ஆசை. ஆனால் அவரோடு சேர்ந்து தொழில் நடத்துகிற பங்காளி ஒத்துக்கொள்ளவில்லை. ரேஸ் வண்டி ஓட்டுகிற விருந்தாளிகளோடு இந்த அம்மா எப்படி ஈடுகொடுக்கும் என்று கேட்டிருக்கிறார். கடைசியில் இப்படி முடிவானது. கல் ரோட்டுப் பந்தயத்தை மாதேஸ்வரி மூன்றரை மணி நேரத்துக்குள் முடித்தால் வேலை. முடிக்காவிட்டால் இல்லை.

அவளுக்கு அந்த வேலை ஏன் அவ்வளவு அவசியம் என்பது அன்றைக்கே தெரிந்துபோயிற்று. டீ வாங்கிக் கொடுத்தேன். டம்ளரை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள். வலது கையில் மூன்று விரல் நுனி சுண்ணாம்பு அடித்த மாதிரி வெளுத்துக் கிடந்தது.

"பதினோரு வருசமா அந்தப் பட்டறையில கல்லு வெட்டுறேனுங்க. சுத்தியல் அதிர்ந்து அதிர்ந்து வெரலு மரத்துப் போவுது. பெரியாஸ்பத்திரியில பாத்தாங்க. சுத்தியல வுட்டாத்தான் கை நிக்கும்னுட்டாங்க. வுட்டா என்னாத்தச் சாப்பிடறது? ரெண்டு புள்ளைங்க. அவரு லாரிக்குப் போறாரு, மாசத்துல பாதி நாளு வூட்ல இருக்கறதில்ல."

அதாவது, அந்த ரோட்டில் கிடந்த கல்லில் பாதி அவள் கையால் வெட்டியது. அந்தக் கல்லால்தான் கை போயிற்று. அதன் மேலேயே ஓட்டிக் காட்டினால்தான் வேறு பிழைப்பு. எனக்கு இதைக் கேட்டதும் யார் மேல் என்று தெரியாமல் ஒரு கோபம் வந்தது.

எங்கள் முதலாளி நல்ல மனிதர். கடையிலிருந்து ஒரு வண்டியை பந்தயம் முடிகிற வரை அவள் ஓட்டட்டும், எது என்று நீயே பார்த்துக் கொடு என்று என்னிடம் சொல்லிவிட்டார். இங்கேதான் என் முதல் தப்பு. கடையிலேயே விலை உசத்தியான வண்டியை எடுத்துக் கொடுத்தேன். சிவப்புக் கலர், ஒரு விரலால் தூக்கலாம், டயர் அகலம் இருபத்தைந்து எம்.எம்.தான். பெங்களூர் ஆட்கள் நடுவில் கல் வெட்டுகிற பெண்ணுக்குப் பழைய வண்டியைத் தள்ளிவிட்டார்கள் என்று யாரும் சொல்லிவிடக் கூடாது என்று நினைத்தேன். மனசு நல்ல மனசுதான். ஆனால் அவள் எதன் மேல் ஓட்டப்போகிறாள் என்று யோசிக்காமல், அவளை யார் யார் பார்ப்பார்கள் என்று யோசித்து வண்டி எடுத்திருக்கிறேன் பாருங்கள்.

ஒரு வாரம் ஓட்டினாள். "வண்டி எப்படிம்மா?" என்று கேட்டால், "சூப்பரா இருக்குதுங்கண்ணா" என்பாள். நானும் மகிழ்ந்துபோய் இன்னும் கொஞ்சம் காற்றடித்துக் கொடுப்பேன். அடுத்த ஞாயிற்றுக்கிழமை எதற்கும் ஒருமுறை பார்த்துவிடலாம் என்று கல் ரோட்டுக்கு என் மொபெட்டில் போனேன். அவள் தூரத்தில் வருவது தெரிந்தது. வண்டி தவளை மாதிரித் துள்ளித் துள்ளி வந்தது. திருப்பத்தில் பிரேக் பிடிக்கவில்லை. நேராகப் போய்க் கல்தூள் குவியலில் ஏறி விழுந்தாள். ஓடிப்போய்த் தூக்கினேன். முழங்கையில் சிராய்ப்பு. "பிரேக் என்னாச்சு?" என்றேன். கையைக் காட்டினாள். மூன்றாக இருந்த வெள்ளை ஐந்து விரலுக்கும் பரவியிருந்தது. பிரேக் நன்றாகத்தான் இருந்தது. அதைப் பிடிக்க விரலில் உணர்ச்சி இல்லை.

"ஒரு வாரமா இப்படியா? ஏன்மா சொல்லல?"

"நீங்க ஆசையாக் கொடுத்தீங்க. எப்படிங்க சொல்றது?"

எனக்கு நாண்டுகொண்டு சாகலாம் போல் இருந்தது. இதை நன்றாகக் கேட்டுக்கொள்ளுங்கள். வண்டி சூப்பர் என்று வாடிக்கையாளர் சொன்னால் அது வண்டியைப் பற்றிய தகவல் ஆகாது. பாதிப் பேர் உங்கள் முகத்துக்காகச் சொல்கிறார்கள். ஓட்டிவிட்டு இறங்குகிறபோது அவர் கையைப் பாருங்கள், இடுப்பை நிமிர்த்துவதைப் பாருங்கள்.

அடுத்து நான் எதிர்ப்பக்கம் பாய்ந்தேன். முன்னால் ஸ்பிரிங் வைத்த மலைச் சைக்கிள், முள்ளு முள்ளாக டயர். கல்லில் மெத்தை மாதிரிப் போயிற்று, விரலும் பரவாயில்லை. ஆனால் கல் ஒன்றரை கிலோமீட்டர்தான். மீதி பத்தரை கிலோமீட்டர் தார் ரோடு. அதில் அந்த வண்டி சேற்றில் நடப்பது மாதிரி இழுத்தது. அறுபது கிலோமீட்டரையும் ஓட்டிப் பார்த்ததில் நாலு மணி நேரத்துக்குக் கொஞ்சம் மேலேயே ஆகிவிட்டது. பந்தயத்துக்குப் பன்னிரண்டு நாள்தான் பாக்கி.

அப்புறம் அவளே என்னைக் கல் ரோட்டுக்குக் கூப்பிட்டாள். குந்தி உட்கார்ந்து, இரண்டு கல்லுக்கு நடுவில் இருந்த சந்தில் இரண்டு விரலை விட்டாள். கணு வரைக்கும் இறங்கியது.

"கப்பல்ல போற கல்லுன்னா நாலு பக்கமும் ஒழுங்கா இருக்கும்ங்க, ஒட்டி ஒட்டி வெக்கலாம். இது ஒரு பக்கம் சரிஞ்சதுன்னு தள்ளுன கல்லு. சேத்து வெச்சாலும் சந்து இவ்ளோ நிக்கும். கல்லோட தலை நம்மள ஒண்ணும் பண்றதில்லீங்க. அந்தச் செவப்பு வண்டி இந்தச் சந்துலதான் எறங்கி எறங்கி ஏறுது."

கல்லைப் பதினோரு வருஷம் தடவிய ஆள் பக்கத்திலேயே நிற்கிறாள். நான் கல்லைப் பற்றி ஒரு வார்த்தை அவளிடம் கேட்டதில்லை.

கடைக்குத் திரும்பி வந்தோம். அவள் அதே இரண்டு விரலைச் சேர்த்து ஒவ்வொரு வண்டி டயர் மேலும் வைத்துப் பார்த்துக்கொண்டே போனாள். இரண்டு விரலை விட அகலமாக இருக்கவேண்டும், அப்போதுதான் சந்தில் இறங்காது. தாருக்கு முள் இல்லாமல் வழவழவென்று இருக்கவேண்டும். சிவப்பு வண்டியில் அத்தனை அகல டயரை மாட்டமுடியாது, சக்கரத்தைக் கவ்விப் பிடிக்கிற போர்க்கில் இடிக்கும். கடைசியில் மூலையில் கிடந்த ஒன்றின் முன்னால் நின்றாள். இரும்பு பிரேம், சாணிப் பச்சைக் கலர். இரண்டு வருஷமாக யாரும் ஏறெடுத்துப் பார்க்காத வண்டி. முதலாளியும் நானும் அதை வாங்கி வைத்ததற்காக ஒருவர் மேல் ஒருவர் பழி போட்டுக்கொண்டிருந்தோம். ஆனால் அதன் போர்க்கில் இடம் தாராளம். நாற்பது எம்.எம். டயர், அதிகம் முள் இல்லாதது, சேலத்திலிருந்து வரவழைத்து மாட்டினேன். ஹேண்டில்பாரில் பழைய டியூபை நாடாவாக வெட்டிச் சுற்றி, அதற்கு மேல் டேப் போட்டேன். அவள் பிடித்துப் பார்த்துவிட்டு, "சுத்தியல் காம்புக்கு நாங்க இப்படித்தானுங்க சுத்துவோம்" என்றாள். முதல்முறையாக அவள் சிரித்ததை அன்றுதான் பார்த்தேன்.

காற்றுதான் பாக்கி. கல் ரோட்டில் மூன்று நாள் அடிப்பதும் இறக்குவதுமாகப் பார்த்தோம். காற்று மீட்டரில் முப்பத்தைந்துக்கு வந்ததும் வண்டி துள்ளுவது நின்றது. அதற்கும் கீழே போனால் ரிம் கல்லில் இடித்தது. முன்னால் முப்பத்தைந்து, பின்னால் முப்பத்தெட்டு என்று முடிவாயிற்று. அழுத்திப் பார்த்தால் எனக்கு அது பஞ்சர் டயர் மாதிரி இருந்தது. கடையில் வேறு யாராவது அப்படி ஒரு வண்டியை வெளியே அனுப்பியிருந்தால் பிடித்துக் கத்தியிருப்பேன். ஆனால் அறுபது கிலோமீட்டர் மூன்று மணி இருபது நிமிஷத்தில் முடிந்தது. பத்து நிமிஷம் மிச்சம்.

பந்தய நாள் வந்தது. பட்டறை வாசலில் ஷாமியானா, ஒலிபெருக்கி, நூறு பேருக்கு மேல் கூட்டம். காற்றடிப்பதற்கு ஆள் வேண்டும் என்று என்னை உட்கார வைத்திருந்தார்கள். கால் பம்ப்பும் கையுமாக நான். எல்லோரும் "அண்ணா இங்க, அண்ணா இங்க" என்கிறார்கள். ஒலிபெருக்கியில் என் பெயரைச் சொல்லி முப்பத்தாறு வருஷ அனுபவம் என்றார்கள். கூச்சமாகவும் இருந்தது, உள்ளுக்குள் ஜில்லென்றும் இருந்தது. வரிசையாகச் சாத்தியிருந்த வண்டிகளை ஒரு கோடியிலிருந்து அடித்துக்கொண்டே போனேன். விரலால் ஓர் அழுத்து, பத்து மிதி, மறுபடி ஓர் அழுத்து, அடுத்த வண்டி. கேட்காதவர்களுக்கும் அடித்தேன். பாதிப் பேர் நன்றி வேறு சொன்னார்கள். மாதேஸ்வரி நம்பர் வாங்க மேஜைக்குப் போயிருந்தாள். அவள் நம்பரைக் குத்திக்கொண்டு வருவதற்கும் விசில் ஊதுவதற்கும் சரியாக இருந்தது. வண்டியை எடுத்து ஏறிப் போனாள். நான் கை தட்டினேன்.

கூட்டம் போனதும் யாரோ டீ கொடுத்தார்கள். டம்ளரை வாங்க இடது கையை விரித்தேன். உள்ளங்கையில் நானே பேனாவால் எழுதி வைத்திருந்தேன், முன் 35, பின் 38 என்று. மறந்துவிடக் கூடாதே என்று காலையில் வீட்டிலேயே எழுதியது. அதைப் பார்த்ததும்தான் உறைத்தது. அந்த வரிசையில் ஒரு சாணிப் பச்சை வண்டி இருந்தது. அதையும் மிதித்திருக்கிறேன். அறுபதுக்கு மேல் போயிருக்கும். கண் பார்க்கவில்லை, கை அதுபாட்டுக்கு அடித்துவிட்டது.

டீயை வைத்துவிட்டு மொபெட்டை உதைத்தேன். கல் ரோடு ஆரம்பிப்பது அஞ்சாவது கிலோமீட்டரில். ஏரிக்கரை மேலேயே போனால் குறுக்கு வழி. போகிற வழியெல்லாம் அவள் கல்தூளில் விழுந்ததுதான் கண்ணில். இந்தத் தடவை விழுந்தால் நடுரோட்டில், பின்னால் முப்பது வண்டி வரும். வேலை போகட்டும், கை உடைந்தால்? பின்னால் குபுகுபுவென்று புகை விட்டுக்கொண்டு அந்த மொபெட் அதற்கு முன் அப்படி ஓடியதே இல்லை.

போய்ச் சேர்ந்தால் மாதேஸ்வரி கல் ரோட்டுக்குப் பத்தடி முன்னாலேயே வண்டியை ஓரம்கட்டிக் குந்தியிருந்தாள். முன்சக்கரத்து வால்வை அழுத்திக் காற்றை இறக்கிக்கொண்டிருந்தாள். மற்றவர்கள் அவளைத் தாண்டிக் கல்லில் ஏறித் தடதடவென்று போனார்கள். ஒருத்தர், "பஞ்சராங்க?" என்று கேட்டுக்கொண்டே போனார்.

"அம்மா, நான்தான்..." என்று ஆரம்பித்தேன்.

"தெரியுங்க. தார் ரோட்டுலயே தெரிஞ்சிபோச்சு" என்றாள், தலை நிமிராமல்.

என் மொபெட்டில் பம்ப் இருந்தது, மீட்டர் இருந்தது. கையை நீட்டினால் அரை நிமிஷத்து வேலை. பந்தய விதியைக் கவனிக்கக் கொடியோடு நின்றவர் என்னையே பார்த்தார். "பெரியவரே, கை வெச்சிடாதீங்க. அப்புறம் அந்தம்மா வெளிய போயிடும்" என்றார். பம்ப்பைத் திரும்ப வைத்தேன்.

அவளிடம் இருந்தது சின்னக் கைப் பம்ப் மட்டும். மீட்டர் கிடையாது. முன்டயர் முடிந்து பின்டயருக்கு வந்தாள். நான் பார்த்துக்கொண்டே நிற்கிறேன். இறங்குகிறது, இறங்குகிறது, இன்னும் இறங்குகிறது. போதும் போதும் என்று வாய் வரைக்கும் வந்துவிட்டது. அவள் விரலால் அழுத்திப் பார்த்துவிட்டு என்னை நிமிர்ந்து பார்த்தாள்.

"இது சரியாங்கண்ணா?"

தொடக் கூடாது, பேசலாம். அதனால் நான் ஏதாவது சொல்லியாகவேண்டும். என் கண்ணுக்கு அது காற்றே இல்லாத டயர். ஆனால் முப்பத்தெட்டும் என் கண்ணுக்கு அப்படித்தான் தெரிந்தது. இது முப்பத்தெட்டா, இருபத்தெட்டா? முப்பத்தாறு வருஷத்தில் காற்றைப் பற்றி யார் கேட்டாலும் நான் யோசித்ததே கிடையாது, பதில் தானாக வரும். இப்போதும் வந்தது, "இன்னும் அடி" என்று. காலையில் அந்த வண்டியைக் கெடுத்ததும் அதே பதில்தான். நான் சரி என்றால் அவள் நம்பிப் போவாள். போதாது என்றாலும் நம்பிப் போவாள். என்னை நம்பித்தானே சிவப்பு வண்டியையே ஒரு வாரம் ஓட்டினாள்.

"எனக்குத் தெரியலம்மா" என்றேன்.

வாடிக்கையாளர் ஒருவரிடம் நான் அப்படிச் சொன்னது அதுதான் முதல் தடவை. சொல்லும்போது அவமானமாக இருந்தது. இப்போது நினைத்தால் அந்தப் பந்தயத்தில் நான் செய்த உருப்படியான காரியம் அது ஒன்றுதான்.

அவள் ஒரு நொடி என்னைப் பார்த்தாள். கோபமா என்ன என்று தெரியவில்லை. "செரிங்க. அப்ப நானே பாத்துக்கறேன்" என்று சொல்லிவிட்டு ஏறிக் கல்லுக்குள் போனாள். ஐந்து நிமிஷம் போயிருந்தது. மிச்சம் இருந்த பத்தில் பாதி.

நான் மொபெட்டைக் கல் முடிகிற இடத்துக்கு ஓட்டிப் போய் அங்கேயே நின்றுவிட்டேன். வேறு எங்கே போவது? இரண்டாவது சுற்றில் வந்தாள். முன்சக்கரம் கல்லோடு ஒட்டிக்கொண்டு வந்தது, ஆனால் பின்பக்கம் டங் டங் என்று ரிம் இடிக்கிற சத்தம் எனக்கே கேட்டது. டியூப் கிழிந்தால் முடிந்தது. அவளும் கேட்டிருக்கிறாள். கல் முடிகிற இடத்தில் இறங்கி, கைப் பம்ப்பை மாட்டி, எண்ணி இருபது அடி அடித்தாள். மறுபடி ஏறினாள். அதற்கு இரண்டு நிமிஷம். மூன்றாவது சுற்றில் சத்தம் இல்லை. அப்போதுதான் நான் மொபெட்டில் உட்கார்ந்தேன்.

அதற்குள் மற்றவர்கள் பாடு தொடங்கியிருந்தது. காலையில் நான் கல்லு மாதிரி அடித்துவிட்ட டயர்கள் எல்லாம் துள்ளித் துள்ளி வந்தன. சிலர் கையை உதறிக்கொண்டே வந்தார்கள். அவளிடம் பஞ்சரா என்று கேட்டவர் ஓரமாக உட்கார்ந்து உள்ளங்கைக் கொப்புளத்துக்கு ஊதிக்கொண்டிருந்தார். எல்லோரிடமும் மானசீகமாக மன்னிப்புக் கேட்டுக்கொண்டேன். வெளியே கேட்கும் தைரியம் வரவில்லை. நாலாவது சுற்றில் மாதேஸ்வரி ஏழெட்டுப் பேரைத் தாண்டி வந்தாள். கல் ரோட்டின் நடுவில், மேடான இடமாகப் பார்த்து, ஒரே சீராக. என் பக்கம் திரும்பவே இல்லை.

கடைசிச் சுற்றுக்கு நான் பட்டறை வாசலுக்கு வந்துவிட்டேன். பிரகாஷ் கையில் போனை வைத்துக்கொண்டு நேரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவருடைய பங்காளியும் பக்கத்தில் நின்றார். மூன்று மணி இருபது. மூன்று இருபத்திரண்டு. ரோட்டில் ஒருத்தரையும் காணோம். இருபத்துநாலில் இரண்டு பேர் வந்தார்கள், அவள் இல்லை. என்னால் போன ஏழு நிமிஷம் அது. அவள் இரண்டு பிள்ளைகளையும் நினைத்துக்கொண்டேன். நாளைக்கு மறுபடி சுத்தியலைத் தூக்குவாள் என்பதை நினைத்தேன். அழுதுவிடுவேன் போல் இருந்தது.

அப்புறம் திருப்பத்தில் சாணிப் பச்சை தெரிந்தது.

மூன்று மணி இருபத்தேழு நிமிஷத்தில் கோட்டைத் தாண்டினாள். பிரகாஷ் கத்திக்கொண்டே ஓடினார். பட்டறையில் அவளோடு வேலை பார்க்கிற பெண்கள் நாலைந்து பேர் ஓரமாக நின்றிருந்தார்கள். அவர்கள் போட்ட விசில் ஒலிபெருக்கியை விடப் பெரிதாக இருந்தது. நான் போய் முதலில் பார்த்தது அவள் கையைத்தான். ஹேண்டில்பாரை விட்டு விரலை மெல்ல விரித்தாள். உள்ளங்கை வீங்கியிருந்தது, தூசி அப்பியிருந்தது. விரல் நுனி ஐந்தும் சிவப்பாக இருந்தன. ஒன்று கூட வெள்ளை இல்லை. எனக்கு அதற்கு மேல் பார்க்க முடியவில்லை, கண் கலங்கிவிட்டது. வெட்கப்படாமல் சொல்கிறேன்.

பங்காளி கொஞ்ச நேரம் அந்தச் சாணிப் பச்சை வண்டியையே சுற்றிச் சுற்றிப் பார்த்தார். டயரைத் தொட்டார். பிறகு நிமிர்ந்து, "சனிக்கிழமை பெங்களூர்லருந்து பன்னண்டு பேரு வராங்க. காலையில ஆறு மணிக்கு வந்துடுங்க. என்னென்ன ஏற்பாடு வேணும், சொல்லுங்க" என்றார்.

மாதேஸ்வரி மூச்சு வாங்கிக்கொண்டே தண்ணீர் பாட்டிலை மூடினாள். ஏதாவது சம்பளம், விடுமுறை என்று கேட்பாள் என்று நான் நினைத்தேன்.

"வேற ஒண்ணும் வேணாமுங்க. வர்றவங்க வண்டிக்கெல்லாம் காத்து நானே அடிச்சிக்கறேன்" என்றாள். என்னைக் காட்டினாள். "இந்த அண்ணனப் பம்ப்புப் பக்கம் மட்டும் வுட்டுடாதீங்க."